53 பேர் எங்க போனாங்க? திருவொற்றியூர் ஹைரோட்ல ஒரு ஆள் கணக்கு

ஒரே இடம், ஒரே ஒரு மணி நேரம், ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்னு ரோட்ட க்ராஸ் பண்றவங்கள எண்ணுனோம். என் ஷீட்ல 318. தம்பி ஷீட்ல 271. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அவன் காலேஜ் ரெண்டாவது வருஷம், நம்ம தெரு பையன், சொன்ன வேலைய ஒழுங்கா செய்றவன், போன் கூட பாக்கல. அப்புறம் எப்படி இவ்ளோ இடிக்குதுன்னு தேடிப் போனதுதான் இந்த கதை. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதல்ல எதுக்கு எண்ணுனோம்னு சொல்லிடுறேன். இடம் வடசென்னைல காலடிப்பேட்டைக்கும் தேரடிக்கும் நடுவுல, திருவொற்றியூர் ஹைரோடு. தலைக்கு மேல மெட்ரோ, 2021 பிப்ரவரி 14ல ஓட ஆரம்பிச்சது. நடுவுல வரிசையா தூணு. கீழ கன்டெய்னர் லாரி, பஸ், ஷேர் ஆட்டோ, இதுக்கெல்லாம் நடுவுல புகுந்து ஜனங்க அந்தப் பக்கம் போகணும். ஒரு ஸ்கூல் இருக்கு, மார்க்கெட் இருக்கு, ரேஷன் கடை எதிர் பக்கம் இருக்கு. இந்த இடத்துல ஒரு சிக்னலோ க்ராஸிங்கோ வேணும்னு எங்க ஏரியா ஆளுங்க ரொம்ப நாளா கேக்குறாங்க. ஒரு ஆபீஸ்ல போய் நின்னப்ப, "எத்தன பேர் க்ராஸ் பண்றாங்க, நம்பர் இருக்கா?"ன்னு கேட்டாங்க. கூட வந்த அக்கா, "நம்பரா? வந்து பாரு சார், கூட்டம் கூட்டமா போறாங்க"ன்னாங்க. அவர் சிரிச்சுட்டு, கூட்டம்ங்கறது நம்பர் இல்லம்மான்னுட்டார். கோவம் வந்துச்சு, ஆனா அவர் சொன்னதுல தப்பில்ல.

நான் முன்னாடி கொஞ்ச வருஷம் டிராஃபிக் சர்வேல எண்யூமரேட்டரா நின்னவன், தினக்கூலிக்கு. அதனால இது நமக்கு தண்ணி பட்ட பாடுன்னு நெனச்சுட்டேன். அந்த நெனப்புதான் மொத தப்பு. நாங்க அப்ப எண்ணுனது வண்டிங்க. வண்டி லேன்ல வரும், முன்னாடி பின்னாடி போகும், அவ்ளோதான். மனுஷன் அப்படி இல்ல. பாதி ரோடு வருவான், தூணுக்கிட்ட நிப்பான், போன் எடுப்பான், திரும்பிப் போயிடுவான்.

க்ராஸிங்குக்கு ஆள் கணக்கு எதுக்குன்னா, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்ட ஐ.ஆர்.சி. 103ன்னு ஒரு வழிகாட்டி இருக்கு, நடக்குறவங்களுக்கான வசதி பத்தினது, 2012ல திருத்தி போட்டாங்க. அதுல பி.வி. ஸ்கொயர்னு ஒரு கணக்கு வருது. பீக் அவர்ல க்ராஸ் பண்ற ஆளுங்க பி, அதே நேரத்துல போற வண்டிங்க வி. வி-ய வி-யாலயே பெருக்கி அத பி-யால பெருக்கணும். நடுவுல தடுப்பு இல்லாத ரோடுன்னா 10 கோடி, தடுப்பு இருக்குற ரோடுன்னா 20 கோடி தாண்டணும். எங்க ரோட்ல நடுவுல தூணும் மீடியனும் இருக்கு, அப்ப 20 கோடி. சும்மா ஒரு கணக்கு போட்டு பாருங்க, மணிக்கு 2000 வண்டி போற ரோடுன்னா 2000 இன்டு 2000, 40 லட்சம், 50 பேர் க்ராஸ் பண்ணாலே 20 கோடி வந்துடும். அதே ரோட்ல வண்டி எண்றவன் அசந்து 1800ன்னு எழுதிட்டான்னு வைங்க, இப்ப 62 பேர் வேணும். வண்டில பத்து பர்சன்ட் விட்டா மொத்த கணக்குல கிட்டத்தட்ட 19 பர்சன்ட் போயிடுது, ஸ்கொயர் ஆகுறதால. ஆள்ல பத்து விட்டா பத்துதான் போகும். இது தெரியாம எல்லாரும் வண்டிய சும்மா குத்துமதிப்பா போட்டுட்டு ஆள மட்டும் மாஞ்சு மாஞ்சு எண்றாங்க.

அப்ப 50 பேரே போதும்னா 318ஆ 271ஆன்னு ஏன் மண்டைய ஒடைக்கணும்னு தம்பியும் கேட்டான். ரெண்டு காரணம். ஒண்ணு, நடைபாதை எவ்ளோ அகலம், சிக்னல் எத்தன செகண்டுன்னு அடுத்த பேச்சு வரும்போது இதே நம்பர்தான் வந்து நிக்கும். இன்னொன்னு, ரெண்டு ஷீட் ஒத்துப் போகலன்னா எதிர்ல உக்காந்திருக்குறவர் ரெண்டையும் தூக்கி ஓரமா வெச்சுடுவார். நானா இருந்தாலும் அதான் பண்ணுவேன்.

நல்ல வேளையா ஒரு காரியம் பண்ணியிருந்தேன். நான் நின்னது ஒரு கடை மொட்டை மாடி. அங்கயே சுவத்துல போன சாய்ச்சு வெச்சு அந்த ஒரு மணி நேரத்த வீடியோ எடுத்தாச்சு. மூஞ்சி தெரியாது, உருவம்தான் தெரியும், வேலை முடிஞ்சதும் அழிச்சுட்டோம். அந்த வீடியோவ ரேஷன் கடை அக்கா வீட்ல டிவில போட்டு பாதி ஸ்பீடுல ஓட்டி அக்காவ எண்ணச் சொன்னோம். எங்க ரெண்டு பேர் நம்பர் என்னன்னு அவங்களுக்கு சொல்லல, சொன்னா மனசு அந்தப் பக்கமா சாயும். அக்கா நோட்டுல கோடு போட்டு எண்ணாங்க, நாலு கோடு, அஞ்சாவது குறுக்க ஒரு வெட்டு. 324. மறுபடி ஒரு தடவ எண்ணாங்க, 323. ஒண்ணு இடிச்ச இடத்த ரீவைண்ட் பண்ணி பாத்தா, அம்மா முந்தானைக்குள்ள ஒரு குழந்தை. சரி, 324.

ஆக நான் 6 பேர விட்டிருக்கேன், தம்பி 53 பேர விட்டிருக்கான். ரெண்டு பேருமே விட்டிருக்கோம், யாரும் கூட எண்ணல, அத கவனிங்க. இல்லாத ஆள கண்ணு சேக்காது, இருக்குற ஆளத்தான் விடும். சான் பிரான்சிஸ்கோ முக்குங்கள்ல இதே மாதிரி வீடியோ வெச்சு சரிபாத்து 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஷீட்ல எழுதினாலும் சரி, கிளிக்கர் அழுத்தினாலும் சரி, நேர்ல நின்னு எண்றவங்க 8ல இருந்து 25 பர்சன்ட் வரைக்கும் கம்மியாதான் எண்றாங்கன்னு. தம்பியோட 53, சதவீதமா பாத்தா 16 சொச்சம். அங்க சம்பளம் வாங்கிட்டு நின்னவனுக்கே அந்த கதின்னா, ஒரு பன் பட்டர் ஜாமுக்கு வந்தவன என்ன சொல்றது.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த 53 பேர ஒவ்வொருத்தரா வீடியோல தேடுனோம். பாதி நாள் ஆச்சு.

19 பேர், டபுள்ஸ். ஸ்கூல் விடுற நேரம், ஒரு சைக்கிள்ல முன்னாடி பார்ல ஒருத்தன், பின்னாடி கேரியர்ல ஒருத்தன், ஓட்றவன் ஒருத்தன். நான் மூணுன்னு எண்ணேன், தம்பி சைக்கிள் ஒண்ணுன்னு போட்டான். இடுப்புல குழந்தையோட போற அம்மாவ நான் ரெண்டு, அவன் ஒண்ணு. அவன் மேல தப்பே இல்ல, எப்படி எண்ணணும்னு நான் சொல்லவே இல்லயே. அமெரிக்கால இந்த மாதிரி கணக்கெடுப்புக்கு தன்னார்வலர்களுக்கு குடுக்குற குறிப்புல, சைக்கிள எண்ணாத, அதுல இருக்குற ஆள எண்ணுன்னு தெளிவா போட்டிருக்கும், தள்ளுவண்டில வர்ற குழந்தையும் ஒரு ஆள்னு இருக்கும். நம்மூர்ல அதவிட கண்டிப்பா போடணும், ஏன்னா அங்க டபுள்ஸ் அபூர்வம், இங்க சிங்கிள்ஸ்தான் அபூர்வம்.

9 பேர், சைக்கிள தள்ளிட்டு நடந்தவங்க. இவன் அத சைக்கிள் கட்டத்துல போட்டுட்டான், நான் நடக்குறவங்கன்னு போட்டேன். (சைக்கிள் கட்டம் தனியா கூட்டுனது, அது அந்த 318லயும் 271லயும் வராது. டபுள்ஸ் பசங்கள நான் ஆள் கணக்குல சேத்தது வேற குழப்பம், அத அப்புறம் பிரிச்சோம்.) கால் தரையில இருந்தா நடக்குறவர், பெடல்ல இருந்தா சைக்கிள். இந்த ஒத்த வரிய முன்னாடியே எழுதி ஒட்டியிருந்தா பிரச்சனையே இல்ல.

16 பேர், லாரிக்கும் தூணுக்கும் பின்னாடி போனவங்க. தம்பிய நான் நிக்க வெச்ச இடம் பஸ் ஸ்டாப்புக்கு பக்கத்துல, நெழல் இருக்கேன்னு பாவப்பட்டு. அங்க இருந்து பாத்தா தூணு பாதி ரோட்ட மறைக்குது. ஒரு கன்டெய்னர் வந்து நின்னுச்சுன்னா மீதியும் போச்சு, அது நகர்றதுக்குள்ள ஒரு பத்து பேர் அந்தப் பக்கம் ஏறிட்டாங்க.

மீதி 9 பேர்தான் நெஜமாவே அவன் கண்ணுல இருந்து தப்புனவங்க. அதுலயும் ஆறு பேர் ஒரு பஸ் வந்து நின்ன அந்த இருவது செகண்டுல, மொத்தமா எறங்கி மொத்தமா ஓடுனதுல.

கூட்டிப் பாருங்க. 19, 9, 16. நாப்பத்தி நாலு. 53ல 44 பேர விட்டது தம்பி இல்ல, நான். விதிய எழுதாம, இடத்த பாக்காம ஷீட்ட கைல குடுத்து அனுப்புனது யாரு?

இத வீட்ல அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஹார்பர்ல டேலி கிளார்க்கா இருந்தவர். கப்பல்ல இருந்து மூட்டை எறங்கும்போது எண்ணி எழுதுற வேலை. 1983ல கன்டெய்னர் டெர்மினல் வந்தப்புறம் மூட்டை எண்ற வேலை கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சு போச்சு, ஆனா அப்பாவுக்கு அந்த பழக்கம் போகல, இன்னிக்கும் மார்க்கெட்ல எலுமிச்சம்பழம் வாங்குனா கடைக்காரர் எண்ணதும் இவரும் ஒரு தடவ எண்ணுவார், அம்மா தலைல அடிச்சுப்பாங்க. கதைய கேட்டதும் அவர் கேட்ட மொத கேள்வி, "எதடா பாத்து எண்ணீங்க?" ஆளுங்களதான்னேன். "அதான் தப்பு. மூட்டைய பாத்தேன்னா கண்ணு மூட்டை பின்னாடியே போயிடும், அடுத்தது வந்தது தெரியாது. பலகைய பாக்கணும். பலகைய தாண்டுச்சா, ஒரு கோடு. அவ்ளோதான்." மூட்டை தூக்கிட்டு நடந்து வர்ற அந்த பலகைய சொல்றார். சர்வே பாஷைல இதுக்கு ஸ்க்ரீன்லைன்னு பேரு, ரோட்டுக்கு குறுக்க மனசுல ஒரு கோடு போட்டுக்கிட்டு, அத தாண்டுறவங்கள மட்டும் எண்றது. நான் அத வண்டி எண்ணும்போது தெரிஞ்சு வெச்சிருந்தும் ஆள் எண்ணும்போது மறந்து தொலைச்சேன்.

அப்புறம் இன்னொன்னும் கேட்டார். கப்பல்காரன் ஒரு கணக்கு, கரைக்காரன் ஒரு கணக்கு, ஷிஃப்ட் முடிஞ்சதும் ரெண்டையும் ஒத்துப் பாத்து கையெழுத்து போடுவோம், இடிச்சா அங்கயே சண்டை போட்டு தீத்துக்குவோம், நீங்க எப்ப ஒத்துப் பாத்தீங்கன்னு. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்துன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, பேப்பர எடுத்து படிக்க ஆரம்பிச்சுட்டார்.

ரெண்டாவது தடவைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பேப்பர்ல விதி எழுதுனோம். இங்கதான் வடசென்னை தன் வேலைய காட்டுச்சு. சைக்கிள், நடக்குறவர்னு ரெண்டு கட்டத்துல இந்த ஊர அடக்க முடியாது. மீன்பாடி வண்டிய, அதான் சரக்கு ஏத்துற மூணு சக்கர வண்டிய, எதுல போடுவீங்க? பெடல் மிதிக்கிறதும் இருக்கு, பழைய மோட்டார் மாட்டுனதும் இருக்கு, மோட்டார் மாட்டி ஆஃப் பண்ணிட்டு எறங்கி தள்றதும் இருக்கு. ஒரு முக்கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசில மோட்டார் சத்தம் கேட்டா வண்டி, கேக்கலன்னா மூணு சக்கர சைக்கிள்னு தனி கட்டம். தண்ணி கேன் கட்டுன சைக்கிள், சைக்கிள்தான். நம்பர் பிளேட் இல்லாத பேட்டரி வண்டில சாப்பாடு டெலிவரி பண்ற பசங்களுக்கு தனி கட்டம், ஏன்னா 250 வாட்டுக்கு கீழ, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு கீழன்னா சட்டப்படி அது மோட்டார் வண்டியே இல்ல, ஆனா அத சைக்கிள்னு போட்டாலும் மனசு ஒப்பல. தள்ளுவண்டிக்காரர் நடக்குறவர். சக்கர நாற்காலி, நடக்குறவர். மீடியன் வரைக்கும் வந்து திரும்பிப் போனவர் கணக்குலயே இல்ல. டீக்கடைக்காரப் பையன் ஒரு மணி நேரத்துல எட்டு தடவ கிளாஸ் எடுத்துட்டு க்ராஸ் பண்ணான்னா எட்டுதான், ஆள் ஒண்ணுதானேன்னு கேக்காதீங்க, லாரிக்கு முன்னாடி எட்டு தடவ ஓடறது அவன்தான்.

தம்பிய பஸ் ஸ்டாப்புல இருந்து எதிர் மாடிக்கு மாத்தினேன். கீழ நின்னு எண்ணவே முடியாதுன்னு இல்ல, ஆனா தூணு இருக்குற ரோட்ல ரெண்டு பேர்ல ஒருத்தராவது மேல இருக்கணும். க்ராஸ் பண்றது ஒரே இடத்துல இல்ல, அம்பது மீட்டருக்கு பரவி போறாங்க, அதனால மீடியன் ஓரத்தயே கோடா வெச்சுக்கிட்டோம், இந்த தூணுல இருந்து அந்த தூணு வரைக்கும் உனக்கு, அதுக்கு அடுத்தது எனக்கு, நடுவுல ஒரு துண்டு மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. அந்த பொது துண்ட 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒத்துப் பாக்கணும். அப்பாவோட ஐடியா, பேர் மட்டும் சேம்பிள் செக்னு மாத்திக்கிட்டோம்.

கருவி பத்தி ஒரு கூத்து. மண்ணடில தஸ்பீஹ் எண்றதுக்கு வெரல்ல மாட்டுற குட்டி டிஜிட்டல் கவுன்டர் விக்கிறாங்க இல்லயா, ஜபம் பண்றவங்களும் வாங்குவாங்க, சீப்பா கெடைக்குது, கைல வேற எதுவும் புடிக்க வேணாம், கண்ண ரோட்ட விட்டு எடுக்க வேணாம். ஆளுக்கு ரெண்டு, ஒரு கைல நடக்குறவங்க, இன்னொரு கைல சைக்கிள்காரங்க. பிரமாதமா போயிட்டிருந்துச்சு. நாப்பதாவது நிமிஷத்துல மாடில இருந்து "ஐயோ அண்ணா"ன்னு ஒரு சத்தம். ரீசெட் பட்டன்ல நகம் பட்டு ஜீரோ ஆயிடுச்சு. அந்த பட்டன் அழுத்துற பட்டனுக்கு பக்கத்துலயே மொளகு சைஸ்ல இருக்கும்.

நல்ல காலம், இத ஓரளவு எதிர்பாத்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கவுன்டர்ல என்ன காட்டுதோ அத ஷீட்ல எழுதச் சொல்லியிருந்தேன். முப்பத்தஞ்சாவது நிமிஷ நம்பர் இருந்துச்சு, அஞ்சு நிமிஷம்தான் போச்சு. நீங்க எண்ணப் போறதா இருந்தா இத மட்டுமாவது புடிச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவையும் ஜீரோ பண்ணிட்டு பிட்டு பிட்டா எண்ணாதீங்க, ஓட்டத்துலயே விட்டு நம்பர மட்டும் எழுதுங்க, கழிக்கிறத வீட்ல பாத்துக்கலாம்.

கூட்டமா வரும்போது ஒவ்வொண்ணா அழுத்தினா வெரல் பின்தங்கிடும். பஸ் வந்து நின்னா எறங்குறவங்கள முதல்ல கண்ணால அஞ்சஞ்சா கட்டி, ஓரமா பேப்பர்ல நாலு கட்டு ரெண்டு உதிரின்னு எழுதிட்டு அப்புறம் சேத்துக்கறதுன்னு பழகுனோம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல யாரும் நிக்கக் கூடாதுன்னும் வெச்சோம். அந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வுலயே எண்ண ஆரம்பிக்கிற நேரத்துலயும் முடியுற நேரத்துலயும்தான் தப்பு அதிகம்னு வந்துச்சு, ஆரம்பத்துல கை பழகல, கடைசில கண்ணு சோந்து போகுது. அதனால மொத பத்து நிமிஷம் சும்மா எண்ணி தூக்கி போட்டுட்டோம், அப்புறம்தான் கணக்கு.

நாள் விஷயத்துலயும் ஒரு தடவ அடி வாங்குனோம். நடுவுல ஒரு கவுன்ட்டுக்கு வெள்ளிக்கிழமை குறிச்சு, போய் நின்னா ரோடு முழுக்க மஞ்ச புடவை. பௌர்ணமி! பௌர்ணமி வெள்ளியோட வந்தா கேக்கவே வேணாம், காலைல மேலூர் திருவுடையம்மன், மத்தியானம் நம்ம வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன்னு ஒரே நாள்ல மூணு கோயிலும் பாக்குற ஜனம் எங்கெங்க இருந்தோ வரும். இந்த ஊர்லயே பொறந்து வளந்து காலண்டர் பாக்கலன்னு அக்கா கிழிச்சாங்க. அந்த நம்பர் அழகாத்தான் இருந்துச்சு, ஆபீஸ்ல காட்ட ஆசையாவும் இருந்துச்சு. ஆனா அத வெச்சு கேட்டா மாசத்துல ஒரு நாளைக்கு ஒரு போலீஸ்காரர போட்டா போதும்னுடுவாங்க. தூக்கிப் போட்டோம். அப்புறம் செவ்வாய், புதன், வியாழன்தான், ஸ்கூல் இருக்குற வாரம், மழை இல்லாத நாள்.

நேரமும் அப்படிதான். சர்வே கம்பெனிகள்ல காலைல எட்டுல இருந்து பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டுன்னு கண்ண மூடிட்டு போடுவாங்க, அது ஆபீஸ் போற ஊருக்கு. நாங்க மொதல்ல ஒரு நாள் முழுக்க, விடியக்காலம் நாலரைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆள் மாத்தி ஆள் நின்னு பாத்தோம். காசிமேட்டுல மீன் எடுத்துட்டு வர்ற அம்மாங்க அன்னக்கூடையோட அஞ்சு மணிக்கே க்ராஸ் பண்றாங்க, லைட்டு கம்மி, லாரி வேகம். அப்புறம் மத்தியானம் எல்.கே.ஜி. விடுற நேரம் ஒரு சின்ன மேடு. ஸ்கூல் விடும்போது ஒரு பெரிய மேடு. சாயங்கால ஆபீஸ் கூட்டம் நாங்க நெனச்ச அளவு இல்ல, மெட்ரோல வர்றவங்க ஸ்டேஷன் வழியாவே அந்தப் பக்கம் எறங்கிடுறாங்க. எட்டு மணிக்கு போய் நின்னிருந்தா அந்த மீன்கார அம்மாங்க ஒருத்தர் கூட எங்க கணக்குல வந்திருக்க மாட்டாங்க.

மாடில எண்ணிட்டு இருந்தப்ப கூடைய எறக்கி வெச்சுட்டு ஒரு அம்மா கீழ இருந்து கேட்டாங்க, "இன்னா நைனா எண்ற, எத்தினி பேர் சாவுறோம்னா?" இல்லம்மா, எத்தன பேர் போறீங்கன்னுதான்னேன். "நான் நேத்து போவல, மருமவளுக்கு ஒடம்பு சரியில்ல. நேத்திக்கும் சேத்து ஒரு கோடு போட்டுக்க." போட முடியாதும்மான்னு சொன்னதுக்கு மொறச்சுட்டு போனாங்க. ஆனா அவங்க கேட்டது வேற ஒண்ண கெளப்பி விட்டுடுச்சு. நாங்க எண்றது ரோட்ட தாண்டுனவங்கள. பயந்துட்டு தாண்டாம, ஸ்டேஷன் படி ஏறி எறங்குறவங்க, பேரன எதிர் டியூஷனுக்கு அனுப்பாதவங்க, இவங்க எந்த ஷீட்லயும் வர மாட்டாங்க. அக்கா இதுக்காக ஒரு பத்து வீட்ல போய் தனியா கேட்டு எழுதுனாங்க. அத கணக்குல கலக்கல, தனி பேப்பரா பின் பண்ணி வெச்சோம்.

விதி எழுதி, இடம் மாத்தி, கோட்ட பாத்து எண்ண அந்த ரெண்டாவது கவுன்ட்ல பொது துண்டுல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மணி நேரத்துக்கு வித்தியாசம் 5. அதே தம்பி, அதே கண்ணு.

ஷீட்ட எடுத்துட்டு ஆபீஸ் போனோம். அவர் கூட்டுத்தொகைய பாக்கல. பின்னாடி ஒட்டியிருந்த விதி பேப்பர எடுத்து படிச்சார், மீன்பாடி வண்டி கட்டத்துல வெரல் வெச்சு கொஞ்ச நேரம் யோசிச்சார், அப்புறம் வண்டி கவுன்ட் எங்கன்னார். அதையும் குடுத்தோம். தேதிய பாத்துட்டு, இது ஏப்ரல் கடைசி, மீன்பிடி தடைக்காலம் ஆச்சே, அஞ்சு மணி கூட்டம் பாதிதான் இருக்கும், ஜூன் 14 முடியட்டும், விடியக்கால கவுன்ட் மட்டும் இன்னொரு தடவ எடுத்துட்டு வாங்கன்னார். 61 நாள் போட் போகாதுன்னு எங்களுக்கு தெரியாதா என்ன, வீட்ல நெத்திலி வெல ஏறுனத பத்தி தெனமும் பேச்சுதான், ஆனா ஷீட் போடும்போது யாருக்கும் தோணல.

இப்ப ஜூன் மூணாவது வாரத்துல ஒரு புதன்கிழமைக்கு குறிச்சிருக்கோம். தம்பி கவுன்டரோட ரீசெட் பட்டன் மேல பேண்ட்-எய்ட் ஒட்டி வெச்சிருக்கான். அப்பா நாலரை மணிக்கு தானும் வரேன்னு சொல்லியிருக்கார், கரைப் பக்க கணக்கு அவரோடதாம்.